சேற்றுவெளியும் கேமராவும்: ஆண்டாப் ஹில் சுற்றுவட்டாரத்தில் காட்டுயிர்களைப் படம் எடுக்கும் முறை

காட்டுயிர்ப் படக்கலைக்கு அடிப்படையான விதி ஒன்றுதான். கேமரா வருவதற்கு முன் ஓர் உயிர் என்ன செய்துகொண்டிருந்ததோ, கேமரா வந்த பிறகும் அதையே செய்துகொண்டிருக்க வேண்டும். மேய்ந்த பறவை மேய வேண்டும். உறங்கிய ஆந்தை உறங்க வேண்டும். குஞ்சுக்கு இரை கொண்டுவந்த தாய் தயங்காமல் கூட்டுக்குள் போக வேண்டும். படம் எடுப்பவரால் இந்த ஒழுங்கு குலைந்தால், கிடைத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தவறான படம். இந்த அத்தியாயத்தில் வரும் ஓதக் கணக்கு, லென்ஸ், சட்டம், வெளியீடு எல்லாம் இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்கும் வழிகளே.

மும்பையில் இதைக் கற்றுக்கொள்ள ஆண்டாப் ஹில் நல்ல இடம். குடியிருப்புகளும் ரயில் பாதைகளும் நெருக்கியடிக்கும் இந்தப் பகுதிக்குக் கிழக்கே, வடாலாவையும் பக்தி பார்க்கையும் தாண்டினால் அலையாத்திக் காடும் உப்பளமும் சேற்றுவெளியும் தொடங்கிவிடுகின்றன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று தமிழ்க் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் எளிதில் வந்து சேரக்கூடிய இந்தக் கரையோரத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன.

எங்கே எது கிடைக்கும்

சிவ்ரி சேற்றுவெளி: ஹார்பர் லைனில் ஜிடிபி நகர் நிலையத்தில் ஏறினால் வடாலா ரோடு, அதற்கு அடுத்தது சிவ்ரி. நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி, துறைமுகக் கிடங்குகளைக் கடந்து படகுத்துறைக்குப் போக வேண்டும். சிவ்ரியிலிருந்து மாகுல் வரை பரவிய இந்தச் சேற்றுவெளி, பறவைகளுக்கான முக்கிய வாழிடம் என்று பன்னாட்டு அளவில் பட்டியலிடப்பட்டது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து பூநாரைகள் இங்கே பெருங்கூட்டமாக வருகின்றன. 2024 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேது இந்தக் கரையிலிருந்துதான் கிளம்புகிறது. ஆகவே இன்றைய சிவ்ரிப் படங்களில் பாலத்தின் தூண்களும் இடம்பெறும். அவற்றை ஒதுக்கிவிட்டு எடுப்பதைவிட, பறவை எத்தகைய நகரத்தில் வாழ்கிறது என்று காட்டும் சான்றாக அவற்றைப் படத்துக்குள் கொண்டுவருவது நேர்மையானது.

பக்தி பார்க், மாகுல் ஓடை: அலையாத்திக் காட்டின் விளிம்பு. கரைக்கொக்கு, இராக்கொக்கு, மீன்கொத்தி, செம்பருந்து ஆகியவற்றை இங்கே காணலாம். சேற்றில் துள்ளும் உளுவை மீனும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளும் உண்டு. பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் கரையில் அசையாமல் உட்கார்ந்து நண்டுகளைப் படம் எடுக்கலாம். ஆள் நடமாட்டம் கண்டதும் அவை வளைக்குள் மறையும். சில நிமிடங்கள் அசைவின்றி இருந்தால் மீண்டும் வெளியே வந்து தம் வேலையைப் பார்க்கும். பொறுமைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா: சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில், தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கரில் அமைந்தது. நகரத்தின் குப்பை கொட்டிய மேட்டில் மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டு, 1994இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. பட்டாம்பூச்சி, சிலந்தி, தோட்டப் பறவை ஆகியவற்றைப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற இடம்.

தானே ஓடைப் பூநாரைச் சரணாலயம்: ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் இடைப்பட்ட பகுதி. 2015இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஐரோலியில் உள்ள கடலோர, கடல்சார் பல்லுயிர் மையத்திலிருந்து வனத்துறை படகுப் பயணம் நடத்துகிறது.

குடியிருப்பு வளாகங்கள்: ஆண்டாப் ஹில்லின் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பிலும் மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களிலும் பெரிய மரங்கள் நிற்கின்றன. குக்குறுவான், பச்சைக்கிளி, கொண்டைக்குருவி, புள்ளி ஆந்தை ஆகியவை நகரத்து மரங்களின் நிரந்தரக் குடியிருப்பாளர்கள். தினமும் பார்க்கும் பறவையின் பழக்கங்களை அறிந்துகொண்ட பிறகு தொலைவிலிருந்து வரும் பறவையைப் படம் எடுக்கப் போவது நல்லது.

பூநாரைகளை அறிந்துகொள்ளுதல்

மும்பைக்கு வருபவை இரண்டு இனங்கள். பெரிய பூநாரை ஒரு மீட்டருக்கு மேல் உயரம், வெளிர் நிறம், இளஞ்சிவப்பு அலகின் நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரை உருவில் குறைந்தது, நிறம் கூடியது, அலகு முழுவதும் கருஞ்சிவப்பாகத் தோன்றும். சிறியது நீலப்பச்சைப் பாசியையும் நுண்பாசிகளையும் வடிகட்டித் தின்னும். பெரியது சிறு இறால் வகைகளையும் புழுக்களையும் சிப்பிகளையும் தின்னும். உணவில் உள்ள நிறமிகளிலிருந்தே இரண்டுக்கும் சிவப்பு கிடைக்கிறது. சிறிய பூநாரை அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் உள்ள இனம் என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இவை மும்பையில் முட்டையிடுவதில்லை. இந்தியாவில் இவற்றின் முதன்மையான இனப்பெருக்க இடம் குஜராத்தின் கட்ச் பாலைநிலம். அக்டோபர், நவம்பரில் தொடங்கி மே, ஜூன் வரை மும்பைச் சேற்றில் தங்குவது உணவுக்காகத்தான். 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கணக்கெடுப்புகளில், மும்பைப் பகுதிக்கு வந்த பூநாரைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

பூநாரைகளோடு வடக்கிலிருந்து வரும் உள்ளான்களும் பவளக்காலிகளும் கருவால் மூக்கன்களும் அதே சேற்றில் மேய்கின்றன. இந்தச் சிறு பறவைகள் வசந்தத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டியவை. மார்ச், ஏப்ரலில் அவை தின்னும் ஒவ்வொரு புழுவும் அந்தப் பயணத்துக்கான எரிபொருளாகச் சேர்கிறது. படம் எடுப்பவர் ஒருமுறை கூட்டத்தை எழுப்பிவிட்டால், மேயும் நேரம் குறைவதோடு சேர்த்துவைத்த கொழுப்பும் செலவாகிறது. ஒரே நாளில் பத்துப் பேர் ஆளுக்கு ஒருமுறை எழுப்பினால், ஒவ்வொருவரும் ஒருமுறைதான் எழுப்பினோம் என்று நினைப்பார்கள். பறவைகளுக்கோ அது பத்து முறை.

ஓதக் கணக்கு

சேற்றுவெளியில் படம் எடுப்பவருக்கு லென்ஸைவிட முக்கியமானது கடல் நீர் ஏறி இறங்கும் ஓதம். நீர் முழுதும் வடிந்த வேளையில் பறவைகள் மேய்ந்துகொண்டே வெகுதூரம் போய்விடும். அவற்றைத் துரத்திச் சேற்றில் இறங்கும் ஆசை அப்போதுதான் எழும். நீர் உச்சத்துக்கு ஏறிவிட்டால் சேறு மூழ்கிவிடும். பறவைகள் அலையாத்தி ஓரங்களுக்கும் நவி மும்பையின் நெரூல், சீவுட்ஸ் பக்கத்து ஏரிகளுக்கும் ஓய்வெடுக்கப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே, உச்ச ஓதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னும் பின்னும், கரையோரச் சேறு மட்டும் மூழ்காமல் நிற்கும். அந்த நேரத்தில் பறவைகள் தாமாகவே கரையை நெருங்கி வந்து மேயும். மனிதர் ஓர் அடிகூட முன்னே எடுத்துவைக்கத் தேவையில்லை.

இந்த நேரத்தைக் கணிக்க வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் தினசரி காலண்டர் போதும். மும்பைக் கடலில் நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இறங்குகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் உச்ச ஓதம் நண்பகல் 12 மணியை ஒட்டி வரும். அதன் இணை நள்ளிரவில் வரும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். சதுர்த்தியன்று உச்சம் பிற்பகல் மூன்று மணி அளவில் இருக்கும். அஷ்டமியில் காலை ஆறு, மாலை ஆறு என்ற கணக்குக்கு வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் ஏறுவதும் இறங்குவதும் அதிகம். அஷ்டமி பக்கம் குறைவு. இது தோராயக் கணக்கு. நாளைத் தேர்ந்தெடுக்க இது உதவும். புறப்படும் முன் அந்த நாளுக்கான ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தை உறுதிசெய்ய வேண்டும்.

இனி ஒளியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிவ்ரிப் படகுத்துறை கிழக்கு நோக்கியது. காலையில் சூரியன் பறவைகளுக்குப் பின்னால் நிற்கும். அப்போது நிழலுருவப் படங்களே நன்றாக வரும். பிற்பகலில் சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் வந்து, பறவையின் நிறமும் கண்ணும் தெளியும். ஆகவே அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நண்பகல் உச்சம் முடிந்து நீர் வடியத் தொடங்கும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை சிவ்ரியில் மிகச் சிறந்த நேரம். பறவையும் அருகில் இருக்கும். ஒளியும் முன்னால் இருந்து விழும். வெயில் ஏறிய வேளையில் சேற்றிலிருந்து எழும் வெப்பக் காற்று தொலைவுப் படங்களைக் கலங்கடிக்கும். அந்தக் கலங்கலை எந்த விலையுயர்ந்த லென்ஸும் நீக்காது. மூன்று மணிக்குப் பிறகு அது மெல்லக் குறையும்.

பறவை வகுக்கும் எல்லை

எத்தனை மீட்டர் தொலைவில் நிற்கலாம் என்பதற்கு நிலையான எண் இல்லை. ஆட்கள் நடமாடும் படகுத்துறையில் பழகிய பறவை நெருக்கத்தைப் பொறுக்கும். ஆளரவமற்ற ஓடையில் அதே இனம் நூறு மீட்டருக்கு அப்பாலேயே எழும். எல்லையை வகுப்பது பறவைதான். அது காட்டும் அறிகுறிகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மேயும் பூநாரையின் தலை கவிழ்ந்திருக்கும். அலகு தலைகீழாக நீருக்குள் இருக்கும். கால்கள் சேற்றைக் கலக்கிக்கொண்டே நகரும். இது நிம்மதியின் நிலை. முதலில் கூட்டத்தின் ஓரத்தில் உள்ள ஒன்றிரண்டு கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும். இந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அவை மீண்டும் தலையைக் கவிழ்க்கும் வரை கேமராவைக்கூடத் தூக்கக்கூடாது. அடுத்த கட்டத்தில் பல கழுத்துகள் ஒன்றாக நிமிரும், மேய்ச்சல் நிற்கும், குரல் உயரும். அப்போது பின்வாங்க வேண்டும். மூன்றாவதாக, முழுக் கூட்டமும் ஒரே திசையில் விரைந்து நடக்கத் தொடங்கும். ஓர் அணிவகுப்பைப் போல் கண்ணுக்கு அழகாக இருக்கும் இந்த நடை, விலகிப் போகும் நடை. இதற்கு அடுத்தது பறத்தல். இறக்கைகளின் சிவப்பு தெரியப் பூநாரைகள் எழும் காட்சிக்காகக் கை தட்டுவதும் கல் எறிவதும் நாயை ஏவுவதும் சேற்றுவெளிகளில் நடக்கும் கொடுமைகள். பறக்கும் படம் வேண்டுபவர் காத்திருக்கட்டும். ஓதம் ஏறும்போது பறவைகள் தாமாகவே இடம் மாறிப் பறக்கும்.

சேற்றில் இறங்கவே கூடாது. பாதம் பதியும் இடத்தில் புழுக்களும் நண்டு வளைகளும் நசுங்குகின்றன. அலையாத்தி மரங்கள் மூச்சுவிடச் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேர்கள் மிதிபட்டு ஒடிகின்றன. மனிதருக்கும் ஆபத்து உண்டு. முழங்கால்வரை புதைந்தவர் காலை உருவிக்கொள்வதற்குள் ஓதம் திரும்பிவிடும்.

கருவியும் அமைப்பும்

தொலைவிலிருந்து எடுக்க 400 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் உதவும். அது இல்லாதவர் அருகே போய் ஈடுகட்டக் கூடாது. படத்தின் வகையை மாற்றிக்கொள்ள வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸிலோ கைபேசியிலோ பூநாரை ஒரு சிவப்புக் கோடாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கோட்டுக்குப் பின்னே மாகுலின் எண்ணெய்க் குதங்களும் புகைபோக்கிகளும் பாலமும் சேர்ந்தால், நெருக்கப் படம் சொல்லாத ஒரு செய்தியை அது சொல்லும். வாழிடத்தோடு சேர்ந்த பறவையின் படம் காட்டுயிர்ப் படக்கலையில் தனி மதிப்புள்ள வகை. சென்னையின் மா. கிருஷ்ணன் (1912–1996) தாமே பாகங்களைக் கூட்டிக் கட்டிய கேமராவோடு காடுகளில் அலைந்தவர். அந்தக் கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளும் மான்களும் இன்றும் மதிக்கப்படுகின்றன. அந்த உயிர்களைப் பற்றிய அவருடைய அறிவு படங்களுக்குள் இருப்பதே காரணம்.

கேமராவில் கவனிக்க வேண்டியவை:

ஒன்று, ஓசையில்லா ஷட்டர் வசதி இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். கவனம் குவிக்கும்போது ஒலிக்கும் பீப் சத்தத்தையும், குவிப்புக்கு உதவும் சிறு விளக்கையும் அணைத்துவிட வேண்டும்.

இரண்டு, நிற்கும் பறவைக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு 1600இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகமான ஷட்டர் வேகம் வேண்டும். ஒளி போதாவிட்டால் ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளலாம். படத்தில் சற்றுப் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை.

மூன்று, கருஞ்சேற்றின் முன்னே வெளிர்ப் பறவை நிற்கும்போது கேமரா தன் கணக்கில் ஒளியைக் கூட்டிவிடும். இறகுகளின் நுண்மை வெளுத்துப்போகும். ஒளியளவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்து வைப்பது நல்லது.

நான்கு, உடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். முக்காலியைப் பறவைகள் வருவதற்கு முன்பே விரித்துவிட வேண்டும். கூட்டமாகப் போனால் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கரையெங்கும் பரவி நின்றால் பறவைக்கு வளைத்துக்கொண்டது போலாகிவிடும்.

ட்ரோன் இந்தப் பகுதிக்கு ஏற்றதல்ல. தலைக்கு மேல் வரும் எதையும் பறவைகள் வேட்டைப் பருந்தாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு ட்ரோன் முழுச் சேற்றுவெளியையும் காலிசெய்துவிடும். விமான நிலையமும் துறைமுகமும் பாதுகாப்பு நிறுவனங்களும் நிறைந்த மும்பையில் அதற்குச் சட்டத்தடைகளும் உண்டு.

இரை காட்டி அழைத்தல், ஒலி, விளக்கு

எலிபெண்டாத் தீவுக்கும் மாண்ட்வாவுக்கும் போகும் படகுகளில் குளிர்காலத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பயணிகள் கட்டியா, சிப்ஸ் பொட்டலங்களைப் பிரித்து வீச, கடற்காகங்கள் கையருகே பாய்ந்து வந்து கவ்வும். அந்தக் கணத்துக்காகக் கைபேசிகள் உயரும். உப்பும் எண்ணெயும் தோய்ந்த கடலைமாவுத் தின்பண்டம் மீன் தின்னும் பறவையின் உணவல்ல. அது வயிற்றை நிரப்பும். பயணத்துக்கு வேண்டிய சத்தைத் தராது. படகைத் தொடரப் பழகிய பறவை தானே மீன் தேடும் நேரத்தையும் இழக்கிறது. ஆகவே வீசப்பட்ட இரைக்கு வந்த பறவையைப் படம் எடுக்காமல் தவிர்ப்பதே முறை. அலையாத்திக் காடுகளில் வாழும் குள்ளநரிகளுக்குக் கோழிக் கழிவு வைத்துப் படம் எடுப்பது இன்னும் மோசமானது. மனிதரை அண்டிப் பழகிய நரி தெருநாய்க் கூட்டத்தோடு மோதும், நோயையும் வாங்கும். குடியிருப்புக்குள் நுழைந்தால் கடைசியில் அடிபடுவதும் அதுதான்.

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து வரவழைப்பது பலருக்குச் சாதாரண உத்தியாகிவிட்டது. அந்தக் குரலைக் கேட்கும் பறவை, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் முட்டையைக் காப்பதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் இதன் விலை அதிகம். குரல் ஒலிப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

இரவில் புள்ளி ஆந்தைக்கும் கூகைக்கும் நேரே ஃபிளாஷ் அடிப்பதும், டார்ச் ஒளியைக் கண்ணில் பாய்ச்சுவதும் கூடாது. இருளுக்குப் பழகிய கண் சிறிது நேரம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் பறக்கும் பறவை கம்பியிலும் சுவரிலும் மோதக்கூடும். தெருவிளக்கின் கீழ் தானாக வந்து அமரும் ஆந்தையை அந்த ஒளியிலேயே எடுக்கலாம்.

செயற்கை ஒளி தவிர்க்க முடியாத இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு மும்பையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆரே காலனியின் ஒரு குடியிருப்புச் சந்தில் நடந்துபோகும் சிறுத்தையை நயன் கானோல்கர் எடுத்த படம், 2016இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக்காரர் போட்டியில் நகர்ப்புறப் பிரிவில் வென்றது. சிறுத்தை வழக்கமாகப் போய்வரும் பாதையைக் கண்டறிந்து, தானியங்கிக் கேமராவைப் பொருத்தினார். அந்தச் சந்தின் இயல்பான வெளிச்சத்தை ஒத்திருக்கும்படி விளக்குகளை அமைத்தார். பிறகு சில மாதங்கள் காத்திருந்தார். அங்கே வாழும் வார்லி மக்களின் ஒத்துழைப்பும் அவருக்கு இருந்தது. சிறுத்தையை வரவழைக்க இரை எதுவும் வைக்கவில்லை. அது தன் வழியில் வந்து, தன் வழியில் போனது.

கூடு, முட்டை, குஞ்சு

தொடங்குபவர் கடைப்பிடிக்க எளிய விதி: கூட்டைப் படம் எடுக்கக்கூடாது. மரக்கிளையை விலக்கி எடுத்தால் கூட்டின் மறைப்பு போய்விடும். காகமும் பருந்தும் அதைக் கண்டுகொள்ளும். அருகே ஆள் நின்றால் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பத் தயங்கும். அந்த நேரத்தில் முட்டை வெயிலில் வெந்துபோகலாம், குஞ்சு மழையில் நனைந்து விறைத்துப்போகலாம். மழைக்காலத்தில் மும்பைக்கு வெளியே, ராய்கட் மாவட்டக் காடுகளில், மண்சரிவில் வளை தோண்டிக் கூடு வைக்கும் வண்ணமயமான சிறு மீன்கொத்தியைத் தேடிப் படம் எடுப்பவர்கள் குவிகிறார்கள். ஒவ்வொரு முறை இரையோடு வரும் பறவையும் வரிசையாக நிற்கும் லென்ஸ்களைக் கடந்துதான் வளைக்குள் போக வேண்டியிருக்கிறது. பல இயற்கை அமைப்புகளும் போட்டிகளும் கூட்டுப் படங்களை ஏற்க மறுப்பதற்கு இத்தகைய நெருக்கடிகளே காரணம்.

ஆண்டாப் ஹில் போன்ற இடங்களில் இந்த விதிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மழைக்காலத்தில் வளாகத்து மரங்களில் கொக்குகளும் இராக்கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டும். கீழே எச்சம் விழுவதால் கிளைகளை வெட்டச் சொல்லி முறையீடு எழும். அந்தச் சமயம் கேமரா உண்மையாகவே உதவும். தரையிலிருந்தபடியே, தொலைவிலிருந்து, கூடுகளில் குஞ்சுகள் இருப்பதைப் பதிவுசெய்து குடியிருப்போர் சங்கத்துக்கும் வனத்துறைக்கும் காட்டினால், குஞ்சுகள் பறக்கும் வரை வெட்டைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஓர் ஊரே கடைப்பிடிக்கும் அந்தக் கட்டுப்பாட்டின் சிறு பகுதியை ஒரு மரத்தடியில் கடைப்பிடிப்பது பெரிய காரியமல்ல.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதைக் கொல்லுவதோடு நிறுத்தவில்லை. காட்டுயிரைப் பிடிப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பது எல்லாம் அந்த வரையறைக்குள் வருகின்றன. சரணாலயத்துக்குள் காட்டுயிரைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் குற்றம். சரணாலயத்துக்குள் நுழைந்து படம் எடுக்க அனுமதி பெற வேண்டும். தானே ஓடைச் சரணாலயத்துக்கு இது பொருந்தும். சிவ்ரி சரணாலய எல்லைக்குள் வராவிட்டாலும், பறவைகளை வேட்டையிலிருந்து காக்கும் விதிகள் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

அலையாத்திக் காடுகளை வெட்டுவதற்கும் அவற்றில் குப்பையும் மண்ணும் கொட்டுவதற்கும் எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2005இல் கடுமையான ஆணை பிறப்பித்தது. 2012இல் மகாராஷ்டிர வனத்துறையில் இதற்கென அலையாத்திப் பிரிவு அமைந்தது. பக்தி பார்க், மாகுல் பக்கம் படம் எடுக்கப் போகிறவர்கள் லாரியில் கட்டட இடிபாடு கொட்டப்படுவதைப் பார்த்தால், இடமும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். மாநில வனத்துறையின் உதவி எண் 1926. குற்றவாளிகளோடு நேரில் வாக்குவாதம் செய்ய வேண்டாம்.

இந்தக் கரையில் துறைமுக நிலம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் ஆகிய பாதுகாப்புப் பகுதிகளும் உள்ளன. அறிவிப்புப் பலகைகளை மதிக்க வேண்டும். காவலர் தடுத்தால் விலகிவிட வேண்டும்.

கரையில் வாழும் மனிதர்கள்

சேற்றுவெளி ஆளில்லா நிலமல்ல. கோலி மீனவர்களும் சிப்பி பொறுக்கும் பெண்களும் தலைமுறைகளாக இங்கே வேலை செய்கிறார்கள். பறவைகள் எந்த மாதம் எங்கே கூடும், நீர் எப்போது திரும்பும் என்பதை நன்கு அறிந்தவர்கள் அவர்கள். அவர்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பறவை கலைகிறது என்று சொல்லி அவர்கள் படகை நிறுத்தச் சொல்வதும் வலையை ஒதுக்கச் சொல்வதும் முறையல்ல. படம் எடுப்பவர் வந்துபோகும் விருந்தாளி. அந்தக் கரை அவர்களுக்குப் பிழைப்பு.

காயம்பட்ட உயிரைக் கண்டால்

ஜனவரியில், மகர சங்கராந்தியை ஒட்டி, பட்டம் விடும் நைலான் மாஞ்சாக் கயிற்றில் சிக்கிப் பறவைகள் இறக்கை அறுபட்டு விழுகின்றன. அத்தகைய பறவையைக் கண்டால் கேமராவை உடனே பைக்குள் வைத்துவிட வேண்டும். கயிற்றை இழுக்காமல், பறவைக்கு இருபுறமும் சற்று நீளம் விட்டு வெட்ட வேண்டும். மெல்லிய துணியால் மூடி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். வாயைத் திறந்து நீர் ஊற்றக்கூடாது. பிறகு 1926க்குத் தெரிவிக்கலாம். பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். 2024 மே மாதம் காட்கோபர் அருகே தரையிறங்க வந்த விமானத்தில் மோதி ஏறத்தாழ நாற்பது பூநாரைகள் இறந்தன. இத்தகைய நிகழ்வுகளைப் பதிவுசெய்வதும் காட்டுயிர்ப் படக்கலையின் கடமை. ஆனால் உயிர் மிஞ்சியிருக்கும் பறவைக்கு முதலில் உதவி, பிறகுதான் படம்.

வெளியிடும்போது

படத்தை வெளியிடுவதோடும் அறம் தொடர்புடையது. கைபேசியும் பல கேமராக்களும் எடுத்த இடத்தின் குறிப்பைக் கோப்புக்குள் பதிந்துவிடும். ஆந்தை உறங்கும் பொந்து, அரிய பறவை தங்கும் புதர் ஆகியவற்றின் படங்களில் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு, மும்பை என்று மட்டும் எழுதினால் போதும். தீபாவளிக் காலத்தில் மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் பிடித்து விற்கப்படும் நாடு இது. இடம் தெரிந்தால் படம் எடுப்பவர் மட்டும் வரமாட்டார்.

படத்தின் விளக்கம் உண்மையாக இருக்க வேண்டும். வளர்ப்பு உயிரை எடுத்திருந்தால், உயிரியல் பூங்காவில் எடுத்திருந்தால், கணினியில் கிளையை அழித்திருந்தால், அதைச் சொல்லிவிட வேண்டும். 2009இல், மேலே சொன்ன லண்டன் அருங்காட்சியகத்தின் போட்டியில் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அந்த ஓநாய் பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்ததால் பரிசை இழந்தது. 2017இல் வென்ற எறும்புதின்னிப் படம் ஒன்றும், அதில் இருந்தது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்று நிபுணர்கள் கண்டதால் 2018இல் நீக்கப்பட்டது. தொழில்நுட்பத்தில் இரண்டு படங்களும் குறையற்றவை. இழந்தது நம்பிக்கையை.

எடுத்த படங்களுக்கு வேறொரு பயனும் உண்டு. தேதி, நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றோடு பறவைப் பதிவேடுகளில் சேர்த்தால், எந்த ஆண்டு எத்தனை பறவை வந்தது, எங்கே குறைந்தது என்பதற்குச் சான்றாகும். அரிய இனங்களின் இடத்தை மறைத்துவைக்கும் வசதி ஈபேர்ட் போன்ற தளங்களில் இருக்கிறது. ஒரு சேற்றுவெளியை நிரப்பிக் கட்டடம் எழுப்பும் பேச்சு வரும்போது, அங்கே பறவை இருந்தது என்பதை மெய்ப்பிக்க இத்தகைய பதிவுகள் வேண்டியிருக்கும்.

சிவ்ரிக்கு வரும் பூநாரை பாலத்துக்கும் ஆலைக்கும் கழிவுநீருக்கும் நடுவே, எஞ்சியிருக்கும் சேற்றில் தன் உணவைத் தேடிக்கொள்கிறது. இவ்வளவையும் தாங்கும் பறவைக்குப் படம் எடுப்பவர் இன்னொரு இடையூறாகிவிடக் கூடாது. ஓதம் பார்த்துப் போங்கள், கரையிலேயே நில்லுங்கள், ஒரு கழுத்து நிமிர்ந்தாலும் நின்றுவிடுங்கள். வீடு திரும்பும்போது பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தால், அன்று எடுத்த படங்கள் நல்ல படங்கள்.